வெற்றிலையில் வந்த வெறி

போதை என்றவுடன் நம்மவர் கள்ளையும் கஞ்சாவையும் நினைப்பரேயன்றி, நரம்புகளை முடுக்கிவிடும் பொருள்களை நினைப்பதில்லை. நாம் குடியேறி வாழும் இம்மும்பை மாநகரமோ அவற்றை நூறாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தது. கப்பல்களில் கள்ளத்தனமாக வந்திறங்கிய கொக்கேயினை வெற்றிலையில் மடித்துத் தின்னும் பழக்கம், கல்கத்தாவைப் போலவே அந்நாளைய பம்பாயிலும் இருந்தது. 1930-இல் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. 1985-இல் அதனினும் கடுமையான சட்டம் வந்தது. பொருள்தான் பெயர் மாறிற்று. இந்நகர இளைஞர் பலரைப் பற்றிக்கொண்ட மெபட்ரோன் 2015-இல்தான் அச்சட்டத்தின் பட்டியலில் ஏறியது.

அபின் வகைகளை விடுவோர்க்கு மாற்று மருந்துகள் உண்டு. இவ்வகைக்கோ அங்ஙனம் அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றளவும் இல்லை. நிறுத்தியபின் உடல் துவள்கிறது, உறக்கம் நிலைகுலைகிறது, எதிலும் இன்பம் தோன்றாத வறட்சி வாரக்கணக்கில் நீடிக்கிறது. பலர் மீண்டும் வழுக்கி விழுவது அவ்வறட்சியில்தான். தேகப்பயிற்சிக்கு இடம் உள்ளது இங்கேதான். அது உறக்கத்தையும் மனத்தெம்பையும் சிறிது சிறிதாக மீட்டுத் தருகிறது. பழைய கூட்டாளிகளை நாடும் மாலைப்பொழுதுக்கு வேறு வேலையும் தருகிறது.

தாராவிக்கு அப்பால், மாகிம் கழியைக் கடந்தால் பாந்திரா. அங்கே 1981-இல் பாதிரியார் ஜோசப் பெரேரா 'கிருபா' நிலையத்தைத் தொடங்கினார். புனேயில் வாழ்ந்த யோகாசிரியர் பி. கே. எஸ். ஐயங்காரின் மாணவர் அவர். பாதிரியார் ஒருவர் ஐயங்காரிடம் கற்ற ஆசனங்களை, குடியிலும் போதைப்பொருளிலும் சிக்கியவர்களுக்குப் பயிற்றுவித்தது, பல சமயத்தார் கலந்து வாழும் இந்நகருக்கு இயல்பானதே. 2009-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

ஆயினும் மிகைபடக் கூறலாகாது. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், இவ்வகைப் பொருள்களுக்கு அடிமையான 302 பேர் பங்கேற்றனர். பொதுக்கணக்கில், உடற்பயிற்சிக் குழுவினர் நலவாழ்வுக் கல்வி மட்டும் பெற்றோரைவிடத் திட்டமாக முந்தவில்லை. ஒழுங்காகப் பயின்றவரிடமே ஓரளவு நன்மை தென்பட்டது. எனவே, சிகிச்சையும் மனநல ஆலோசனையும் முதற்கண் வேண்டும். தண்டாலும் பஸ்கியும் அவற்றுக்குத் துணையாகவே அமையும். இப்பொருள்கள் இதயத்தைத் தாக்குவன ஆதலின், கடும்பயிற்சிக்கு முன் மருத்துவரைக் கேட்டல் அவசியம்.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இத்துன்பம் நேர்ந்தால், ஊரார் வாய்க்கு அஞ்சி மகனைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடும் குடும்பங்களை நாம் அறிவோம். உண்மையில், சிறு அளவு வைத்திருந்ததற்கோ உட்கொண்டதற்கோ குற்றஞ்சாட்டப்பட்டவர், அரசு அங்கீகரித்த நிலையத்தில் தாமே முன்வந்து முழுச்சிகிச்சை பெற்றால், வழக்கினின்று விலக்குப்பெற 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-அ பிரிவு இடந்தருகிறது. இதனை அறியாத பெற்றோர் பலர். நடைப்பயிற்சிக்கோ மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்கள் இருக்கின்றன. விடியற்காலையில் மகனோடு தகப்பனாரும் உடன் நடக்கலாம்.