பெக் வழக்கும் மேன்முறையீட்டு உரிமையும்

1896 ஆம் ஆண்டு இலண்டனிலே, பெண்களை ஏமாற்றி நகை கவர்ந்தாரென அடோல்ப் பெக் என்னும் நோர்வே நாட்டவருக்கு ஏழாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. ஏமாந்த பெண்கள் பலர் அவரையே அடையாளங் காட்டினர். 1877 இல் இத்தகைய மோசடிக்காகத் தண்டிக்கப்பட்ட சிமித் என்பவனே பெக் என்றும் பொலிசார் கருதினர்.

சிமித் விருத்தசேதனம் செய்யப்பட்டவன் என்பது சிறைப்பதிவேட்டில் இருந்தது, பெக் அவ்வாறானவரல்லர். 1898 இல் இவ்வுண்மை உள்நாட்டமைச்சுக்கு எட்டியபோது, பழைய குற்றம் மட்டுமே அவர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. இரு காலத்துக் கடிதங்களும் ஒரே கையால் எழுதப்பட்டவை என அரசதரப்புக் கையெழுத்து நிபுணரே கூறியிருக்க, சிமித் அல்லாதவர் பிந்திய மோசடியையும் செய்திருக்க முடியாதென்ற எளிய முடிவுக்கு அமைச்சு வரவில்லை. வியப்புத்தான்!

சான்றின் வலுவின்மையை எடுத்துரைக்க அன்று மேன்முறையீட்டு மன்றமே இல்லை. விசாரித்த நீதிபதி விரும்பி அனுப்பும் சட்டவினாக்களை மட்டுமே மேல்மன்றம் ஆராய்ந்தது. விடுதலையான பெக், 1904 இல் வேறு பெண்களால் அடையாளங் காட்டப்பட்டு மீண்டும் குற்றவாளியானார். தண்டனை விதிக்கப்படுமுன் உண்மைக் குற்றவாளி அகப்பட்டான்.

விசாரணைக்குழு அமைந்தது, 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தோன்றியது. எனினும், சாட்சிகள் பலராயினும் தவறலாம் என்பதையும், எவ்வளவு நேரம், எத்துணைத் தூரத்தில், எவ்வொளியில் கண்டனர் என்பதை நோக்கவேண்டுமென்பதையும் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் விதியாக வகுத்தது 1976 இல், டேண்புல் வழக்கிலேயாம்.