சூடு வராத ஹீற்றரும் தீவகத்து உவர்த் தண்ணீரும்



டிசம்பர் லீவு வருகிறது. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரும் வான்களில் சில நயினாதீவுப் பயணிகளை இறக்கிவிட்டு, லீவு நாட்களில் நுவரெலியாவுக்கும் ஹயர் போகின்றன. ஆகவே இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். கார் ஹீற்றர் பற்றிய கதை. "யாழ்ப்பாணத்து வெயிலில் ஹீற்றரா?" என்று சிரிப்பீர்கள். போன வருடம் நாங்களும் அப்படித்தான் சிரித்தோம்.

றம்பொடை ஏற்றத்தில் மாலை ஐந்தரை மணி. மழை, அதோடு மூடுபனி. வானுக்குள் பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பதினொரு பேர். மூச்சுக் காற்றால் முன் கண்ணாடி உள்ளே வெள்ளையாகிவிட்டது. ஹீற்றரைத் திருப்பினால் பச்சைத் தண்ணீர் மாதிரிக் காற்று. கடைசியில் ஏசியைப் போட்டுத்தான் கண்ணாடி தெளிந்தது, ஏனென்றால் ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பின்னுக்கு இருந்த பிள்ளைகள் துவாயைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். ஹீற்றர் அங்கே சொகுசுக்கான சாமான் அல்ல, கண்ணாடியைத் தெளியவைக்கும் கருவி.

காருக்குள் சூடு என்பதே பிந்தி வந்த விஷயம். ஆரம்பத்தில் குளிர்நாட்டுக்காரர் போர்வையும், காலடியில் சுட்ட கல்லும், கரிச்சட்டியும் வைத்துப் போனார்கள். பின்னர் புகைக்குழாயின் சூட்டை உள்ளே திருப்பினார்கள், கொஞ்சம் ஒழுகினாலும் நச்சுப்புகை உள்ளே வரும். பிறகுதான் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரையே டாஷ்போர்ட்டுக்குப் பின்னாலுள்ள ஒரு குட்டி றேடியேற்றருக்குள் ஓடவிட்டு, விசிறியால் ஊதும் வழி வந்தது. இன்று வரை பெரும்பாலும் அதேதான்.

நம் ஊர் பழக்கப்பட்ட மொறிஸ் மைனரை எடுங்கள். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானபோது அதில் தண்ணீர்ப் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலே ஏற, குளிர்ந்தது கீழே இறங்கும். பம்ப் வைத்தது 1950இன் கடைசியில்தான். அதன் பிறகே ஹீற்றரை, அதுவும் விரும்பினால் வாங்கும் சாமானாக, கொடுக்க முடிந்தது. பம்ப் தள்ளாவிட்டால் அந்தக் குட்டி றேடியேற்றருக்குள் தண்ணீர் சரியாக ஓடாது. நம் பக்கத்து மைனர்களில் ஹீற்றரை நாங்கள் கண்டதில்லை.

திரும்பி வந்து ஒரு கராஜில் கேட்டோம். "ஹீற்றரே புதிசா மாத்த வேணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். மனம் கேட்கவில்லை. புங்குடுதீவில் எங்களுக்குப் பழக்கமான ஒரு வயதான ஐயாவிடம் போனோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்.

இளையவர்களுக்காகச் சொல்கிறோம். 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. கொஞ்சம் பெற்றோலில் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சின் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாது, புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிடும். இங்கிலாந்தில் பெர்குசன் ட்ராக்டர்களும் இப்படி ஓடின. அவற்றில் எஞ்சின் ஆறிவிடாமல் றேடியேற்றருக்கு முன்னால் மறைப்புக் கட்டுவதும் உண்டு. ஆகவே எஞ்சினின் சூட்டைக் கவனிப்பது அந்தத் தலைமுறைக்குப் பிழைப்பாக இருந்தது. அதே வருடம் ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். வீடு, கடை, லொறி, பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடந்த பாகங்கள் எல்லாம் விட்டுப் போனோம். கைத்தொழில் தெரிந்த எங்கள் பெரியவர்கள் புத்தளத்து முகாம்களில் வேறு பிழைப்புத் தேடினார்கள். அதனால்தான் இன்று எங்களில் பலருக்கு பொனற்றைத் திறந்தால் எதுவும் விளங்குவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறோம்.

ஐயா கேட்ட முதல் கேள்வி: "மாஸ்ரர், சூட்டு ஊசி எங்க நிக்குது?"

"எப்பவும் கீழதான் ஐயா. நல்லதுதானே?"

"என்ன நல்லது? தண்ணியே சுடேல்லை, காத்து எப்பிடிச் சுடும்?"

எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பார்த்தார். (சூட்டோடு திறக்க வேண்டாம், முகம் வெந்துவிடும்.) அளவு சரி. தேர்மோஸ்ரற் இருக்க வேண்டிய இடத்தைக் கழற்றினால் உள்ளே வெறும் ஓட்டை! "இந்த வெயிலுக்கு இது எதுக்கு" என்று யாரோ எப்போதோ எடுத்து எறிந்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு மெழுகுக் குப்பி இருக்கும். தண்ணீர் ஏறத்தாழ 80 பாகைக்கு மேல் போனால்தான் மெழுகு உருகி விரிந்து பெரிய றேடியேற்றருக்கு வழி திறக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் சுற்றிச் சுற்றி ஆறிக்கொண்டே இருக்கும். யாழ்ப்பாணத்தில் வித்தியாசம் தெரியாது, மலைநாட்டுக் குளிரில் தெரியும்.

புதியதைப் பூட்டினோம். ஊசி நடுவுக்கு வந்தது, காற்று இன்னும் வெதுவெதுப்புத்தான். ஐயா ஹீற்றருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் துணியால் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டும் குளிர் என்றால் வால்வு மூடியிருக்கும், அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கும். இரண்டும் நல்ல சூடு என்றால் காற்றைத் திருப்பும் தட்டுப் பிழை. காற்றே வேகமாக வராவிட்டால் விசிறியையும் பில்டரையும் பார்க்க வேண்டும். எங்களுடையதில் ஒன்று கை வைக்க முடியாத சூடு, மற்றது இளஞ்சூடு. உள்ளே அடைப்பு.

கழற்றிக் கழுவியபோது வெள்ளையும் செம்மண் நிறமுமாக ஊத்தை வந்தது. அது நம் கிணற்றுத் தண்ணீர். சுண்ணக்கல்லுக்குள் ஊறியது, தீவில் கடல் உப்பும் கலந்தது. குடிக்கவே பவுசரைப் பார்த்திருக்கும் நாங்கள், அந்தத் தண்ணீரை வருடக்கணக்காக றேடியேற்றருக்குள் ஊற்றிக்கொண்டிருந்தோம். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைக் கல்தான் ஹீற்றரின் மெல்லிய குழாய்களில் படிந்திருந்தது. உப்பு அலுமினியத்தையும் அரிக்கும்.

கூலன்டும் வடித்த தண்ணீரும் ஊற்றினோம். கராஜ் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குதான் செலவு. ஐயா கூலி வாங்கவில்லை. அவருக்கு ஒரு பெட்டி தொதல் கொண்டுபோய்க் கொடுத்தோம். "நுவரெலியா போய் வந்து ஊசி எங்க நிண்டதெண்டு சொல்லும்" என்றார்.

இந்த டிசம்பரும் போகிறோம், இன்ஷா அல்லாஹ். வான் வைத்திருப்பவர்கள் புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் ஊசியையும் அந்த இரண்டு ஹோஸையும் பார்த்துவிடுங்கள்.