தாதுப் பஞ்சமும் உழவு மாடும்

1876ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. தாது ஆண்டில் தொடங்கியமையால் மக்கள் அதனைத் தாதுப் பஞ்சம் என்றே வழங்கினர். பஞ்ச வரலாறு பேசுவோர் பட்டினிச் சாவுகளையே பெரிதும் பேசுவர். கால்நடைகளின் அழிவைப் பலரும் கருதுவதில்லை. புல் கருகியபின் உழவன் தன் வீட்டுக் கூரையைப் பிரித்து அவ்வைக்கோலை மாட்டுக்கு இட்டான். அதுவும் தீரவே, வந்த விலைக்கு விற்றான். விலைபோகாதவை தொழுவத்திலேயே மடிந்தன. நிவாரண வேலைக்குச் சென்ற ஆடவனுக்கு ரிச்சர்டு டெம்பிள் 1877இல் விதித்த நாட்கூலியோ ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமே! அக்கூலியில் மாட்டை மீட்பது எங்ஙனம்? அவ்வாண்டின் பிற்பகுதியில் மழை திரும்பியது. நிலம் நனைந்தது; ஏர் பூட்ட எருதில்லை. விதைநெல்லும் உணவாகித் தீர்ந்திருந்தது. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் வெல்லெஸ்லி மாநிலக் கரும்புத் தோட்டங்களுக்கும் அந்நாளில் கடல் கடந்தோருள், ஏரிழந்த இவ்வுழவரும் இருந்தனர்.