மாணிக்கக் குழியிலிருந்து மகாவலிக் கழிமுகம் வரை: இலங்கையில் தொல்விலங்கு ஆய்வு வளர்ந்த வழி

திருகோணமலையின் கோணேசர் மலையில் விலங்கு உயிர்ச்சுவடு தேடுவோர் வெறுங்கையுடன்தான் திரும்புவர். இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியனுக்கு முந்திய உருமாறிய பாறை. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றுகளும் அவ்வகையைச் சேர்ந்தவையே. எலும்புள்ள விலங்குகள் உலகில் தோன்றுவதற்கு முன்பே படிந்து, பின்னர் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை அது. ஆகவே இத்தீவின் தொல்லுயிரியல் கரையோரச் சுண்ணாம்புக் கல்லையும் ஆற்றுப் படிவுகளையும் நம்பியே வளர வேண்டியிருந்தது.

சுண்ணாம்புக் கல் முதலில் கவனம் பெற்றது. யாழ்ப்பாணக் குடாநாடு முதல் புத்தளம் வரை நீளும் மயோசீன் காலப் படிவுகளைப் பற்றி இ. ஜே. வேலண்டும் ஏ. எம். டேவிஸும் 1923இல் எழுதினர். அங்கு கிடைத்தவை பெரும்பாலும் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள். தரைவிலங்குகளின் வரலாறு துலங்கியது இரத்தினபுரியில்.

அதைத் துலக்கியவர் போலஸ் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல (1900–1976). கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் கற்றவர். மீன்களிலும் கடலாமைகளிலும் தொடங்கியவர். 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளர். இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டுவோர் களிமண்ணைக் கடந்து 'இல்லம்' எனப்படும் சரளைப் படைக்கு இறங்குவர். குழிச்சுவர் சரியாதபடி மரச்சட்டமும் தழையும் வைத்து அடைத்து, சரளையை மேலேற்றி, பிரம்புக் கூடையில் இட்டு நீரில் சுழற்றி அலசுவர். கல்லுக்காக அலசிய அக்கூடைகளிலும் வெட்டி எறிந்த சேற்றிலும் பற்களும் எலும்புத் துண்டுகளும் தலைகாட்டின. எலும்பு நொறுங்கினாலும் பல்லின் மிளிரி எளிதில் அழியாது. அதனால்தான் இரத்தினபுரி விலங்குகளைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி பற்கள் சொன்னது. தெரணியகல அவற்றைச் சேர்த்து ஒப்பிட்டு, நீர்யானை, காண்டாமிருகம், அழிந்துபோன யானையினம், காட்டெருது என ஒரு விலங்குக் கூட்டத்தையே விவரித்தார். அவரது 'த பிளைஸ்டோசீன் ஒஃப் சிலோன்' 1958இல் வெளிவந்தது. நீர்யானையும் அழிந்த யானையினமும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் கிடைத்திருப்பதால், தீவும் துணைக்கண்டமும் ஒரே நிலமாக இருந்த காலங்களை அவை காட்டுகின்றன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதிலும் 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது பாக்கு நீரிணை நடந்து கடக்கும் தரையாகவே இருந்தது.

இரத்தினபுரிக்கு அருகிலுள்ள குருவிட்டவில் கிடைத்த இரண்டே பற்களைக் கொண்டு 1939இல் அவர் 'பந்தேரா லியோ சிங்களேயஸ்' என்ற சிங்கத் துணையினத்தை நிறுவினார். இக்காலச் சிங்கத்தின் பல்லைவிட அது ஒடுங்கி நீண்டிருக்கிறது என்பது அவர் காட்டிய காரணம். இவ்வளவு சிறிய சான்றுக்கு அது பெரிய முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆயினும் பற்களைப் பேணி, அளந்து, அச்சில் வைத்ததால்தான் பின்வந்தோர் அவற்றை மீண்டும் எடுத்து ஆராய முடிந்தது. 2005இல் கெலும் மனமேந்திர ஆரச்சியும் உடனாய்வாளரும் 1962இல் இரத்தினபுரிக்கு அருகே கிடைத்த பல்லைப் புலியினுடையது என இனங்கண்டனர். இன்று புலியோ சிங்கமோ இல்லாத தீவின் காட்டில் இரண்டும் வெவ்வேறு காலங்களில் உலவின என்ற எண்ணம் இவ்வாறு உருவானது.

ஆற்றுச் சரளையில் ஒரு சிக்கல் உண்டு. வெவ்வேறு காலத்து எலும்புகளை வெள்ளம் ஒரே படையில் சேர்த்துவிடும். எந்த ஆழம், எந்த மண், அருகில் என்ன இருந்தது என்ற குறிப்பு இல்லாத பல் பாதிச் சான்றுதான்.

இவ்வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், விலங்குகள் எங்கு வாழ்ந்தன என்பதைவிட மனிதர் எங்கு தோண்டினர் என்பதே நம் உயிர்ச்சுவட்டு வரைபடத்தைத் தீர்மானித்திருக்கிறது என்பது தெளிவாகும். இரத்தினபுரிக்கு மாணிக்கம் இருந்தது. திருகோணமலைக்கு மகாவலி இருக்கிறது. மத்திய மலைநாட்டிலிருந்து மண்ணைச் சுமந்துவந்து மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் சேர்க்கும் ஆறு அது. மலைப்பாறை மௌனமாக இருக்கலாம். ஆற்று வண்டலை அதே கணக்கில் ஒதுக்குவது தவறு.

மூதூர், கிண்ணியா, வெருகல் பகுதிகளில் மணல் அள்ளுவோரும் கிணறு வெட்டுவோரும் கல்லாய் இறுகிய பல்லையோ எலும்பையோ கண்டால், அதைக் கழுவாமல், கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, ஆழத்தைக் குறித்து, ஒட்டிய மண்ணுடன் வைத்துக்கொண்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கோ கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கோ அறிவிக்க வேண்டுகிறேன்.