கல் நட்டவரும் வெங்காயம் நட்டவரும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சூழ்ந்து பரந்துள்ள மனைப்பிரிவுகளின் ஊடே நடப்பவர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். நான்கு மூலையிலும் கல் நட்டு, ஆண்டுக்கணக்கில் முள்ளும் பார்த்தீனியமும் மண்டிக் கிடக்கும் மனைகள். அவற்றுக்கிடையே, எங்கோ வெளியூரில் இருக்கும் உரிமையாளரின் வாய்மொழி இசைவோடு எவரோ கத்தரியும் அவரையும் கீரையும் வைத்திருக்கும் ஓரிரு மனைகள். அத்தோட்டத்தின் மூலையில் தகரம் வேய்ந்த சிறு கொட்டாய், கயிற்றுக் கட்டில், ஒரு மண்பானை. பகலெல்லாம் அங்கே இருப்பவர் இரவில் சிலபோது அங்கேயே உறங்குவதும் உண்டு. இந்த மண்ணில் அவருக்கு என்ன உரிமை? பத்திரத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆயினும் இவ்வினா அத்தனை எளிதாக முடிந்துவிடுவதன்று.

நகருக்குள் சிறு தோட்டம், அதில் ஒரு குடில் என்னும் ஏற்பாட்டைச் சட்டமாகவே வகுத்துக்கொண்ட நாடு ஜெர்மனி. அங்கே இத்தகைய தோட்டங்களை 'ஷ்ரேபர் தோட்டம்' என்பர். லைப்சிக் நகர மருத்துவரான மோரிட்ஸ் ஷ்ரேபர் 1861இல் இறந்தவர். தம் வாழ்நாளில் இப்படியொரு தோட்டத்தை அவர் அமைத்ததே இல்லை. 1864இல் ஹவுஷில்ட் என்னும் பள்ளி ஆசிரியர் ஒரு சங்கம் தொடங்கி, மறைந்த மருத்துவரின் பெயரை அதற்கு இட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் கெஸெல் என்ற மற்றோர் ஆசிரியர் சங்கத்தின் விளையாட்டுத் திடலோரம் குழந்தைகளுக்கெனப் பாத்திகள் அமைத்தார். குழந்தைகளுக்கோ களை பறிப்பதில் ஆர்வம் நிலைக்கவில்லை. பாத்திகள் பெற்றோர் கைக்கு மாறின, வேலி வந்தது, குடிலும் வந்தது. நாடு தழுவிய ஓர் இயக்கம் சிறுவர் கைவிட்ட பாத்திகளிலிருந்து முளைத்தது என்பது சுவையான செய்திதான்.

இரண்டு உலகப்போர்களின் போதும் இக்குடில்கள் பலருக்கு உணவும் உறைவிடமும் தந்தன. பிற்காலத்தில் புகழ்பெற்ற வானொலி, தொலைக்காட்சிக் கலைஞரான ஹான்ஸ் ரோஸன்தால், யூதர் என்பதால் தேடப்பட்ட நாளில், 1943 முதல் 1945 வரை பெர்லினின் ஒரு தோட்டக் குடியிருப்பில்தான் ஒளிந்து உயிர் பிழைத்தார். போருக்குப் பின் வீடிழந்தோர் பலர் தோட்டக் குடில்களிலேயே குடியேறினர். 1983ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இதற்கு வரம்பு கட்டியது: தோட்டம் 400 சதுர மீட்டரை மிகலாகாது, குடில் தாழ்வாரத்தோடு சேர்த்து 24 சதுர மீட்டருக்குள் அடங்க வேண்டும், நிலையாகக் குடியிருக்கத் தக்கதாக அது அமையலாகாது. முன்னரே குடியிருக்கும் உரிமை பெற்றிருந்தோருக்கு மட்டும் விலக்கு உண்டு. உழைக்கலாம், இளைப்பாறலாம், குடியிருக்கக் கூடாது என்பதே சட்டத்தின் உள்ளக்கிடக்கை.

ஏறத்தாழ அதே காலத்தில்தான், இச்சட்டத்தின் எப்பிரிவிலும் அடங்காத ஒரு தோட்டம் பெர்லினின் க்ரொய்ஸ்பெர்க் பகுதியில் உருவானது. ஜெர்மனியும் துருக்கியும் 1961 அக்டோபர் 30இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே இலட்சக்கணக்கான துருக்கியர் 'விருந்தினர் தொழிலாளர்' என்னும் பெயரில் ஜெர்மனியை அடைந்தனர். விருந்தினர் என்ற சொல்லிலேயே 'திரும்பிப் போய்விடுக' என்பதும் அடங்கியிருந்தது. அக்காலத் துருக்கியத் தொழிலாளர் தலைமுறையைச் சேர்ந்தவர் அனத்தோலியாவின் யோஸ்காத் பகுதியினரான ஒஸ்மான் கலின். கட்டட வேலை செய்து ஓய்ந்திருந்த அவர், பெர்லின் சுவரை ஒட்டி, குப்பை கொட்டப்பட்டுக் கிடந்த ஒரு முக்கோண நிலத்தைக் கண்டார். 1961இல் சுவர் எழுப்பியோர் எல்லையின் வளைவைப் பின்பற்றாது நேராகக் கட்டிவிட்டமையால், கிழக்கு பெர்லினுக்குரிய ஏறத்தாழ 350 சதுர மீட்டர் நிலம் சுவரின் மேற்குப் புறத்தில் தங்கிவிட்டது. உரியவர் சுவருக்கு அப்பால். இப்பால் இருந்தவர்க்கோ அதிகாரம் இல்லை. கலின் குப்பையை அகற்றி வெங்காயமும் பூண்டும் நட்டார். பின்னர்க் கிடைத்த பலகை, தகடு ஆகியவற்றைக்கொண்டு, மரம் ஒன்றைத் தழுவி ஒரு குடில் எழுப்பினார்.

மேற்கின் காவலர் அவரை வெளியேற்ற இயலவில்லை, நிலம் அவர்களுடையதன்று. சுவருக்கடியில் சுரங்கம் தோண்டுகிறாரோ என்று ஐயுற்று வந்து விசாரித்த கிழக்கின் எல்லைக் காவலர், அவரை அங்கேயே இருக்க விட்டுவிட்டனர். 1989 நவம்பர் 9இல் சுவர் திறந்தது. இடையில் கிடந்த நிலம் திடீரென நகரின் நடுவே வந்துவிட்டது. உரிமைச் சிக்கலும் உடன் வந்தது. அருகிலிருந்த புனித தோமா தேவாலயத்தார் இந்த முஸ்லிம் முதியவருக்காகப் பரிந்து பேசினர் என்பதைக் குறிப்பிடாமல் செல்வது நன்றியன்று. பிற்பாடு நிலம் க்ரொய்ஸ்பெர்க் உள்ளிட்ட மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வந்தபோது, அந்நிர்வாகமும் அவரை அகற்றவில்லை. அண்டையார் அதனைத் துருக்கிய மொழியில் 'கெஜெகொண்டு' என்றனர். இரவோடு இரவாக வைத்தது என்பது அச்சொல்லின் பொருள். ஓரிரவுக்குள் கூரை வேய்ந்துவிட்டால் உடனே இடித்தல் ஆகாது என்னும் நம்பிக்கையில் இஸ்தான்புல், அங்காரா புறநகர்களில் எழுந்த குடில்களுக்கு வழங்கிய பெயர் அது.

நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்வழக்கை எவ்வாறு நோக்கும்? 'இஹ்யாவுல் மவாத்', அதாவது இறந்த நிலத்தை உயிர்ப்பித்தல், என்னும் பகுதியை மதரசாக்களில் பலர் விரைந்து கடந்துவிடுவர். இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்னும் கருத்தமைந்த நபிமொழியே அதன் அடித்தளம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இதற்கு ஆட்சியாளரின் இசைவு வேண்டியதில்லை என்பார். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) இசைவு வேண்டும் என்பார். அவருடைய மாணவர் அபூ யூசுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் தாம் ஆசிரியரோடு மாறுபட்டபோதும், ஆசிரியரின் காரணத்தை மறைக்காமல் எடுத்துரைக்கிறார்: ஒரே இடத்தை இருவர் கோரினால் பூசல் விளையும், இசைவு அதனைத் தடுக்கும். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழியினரும் வட ஆர்க்காட்டுப் பக்கம் ஹனஃபி வழியினரும் மிகுந்த தமிழகத்தில், இவ்வேறுபாடு ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

கல் நடுதலுக்கும் அந்நூல்களில் இடமுண்டு. 'தஹ்ஜீர்' என்னும் சொல்லைக் கல்லைக் குறிக்கும் 'ஹஜர்' என்பதனோடு இணைத்து விளக்குவர். கல் வைத்து எல்லை குறிப்பது உயிர்ப்பித்தல் ஆகாது. முந்துரிமை மட்டுமே தரும். மூன்றாண்டுகள் வாளாவிருந்தவருக்கு அதுவும் இல்லை என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாக வந்துள்ளது. மூன்றே ஆண்டுகள்! வேங்கிக்காலின் கற்களை நினைத்துக்கொண்டேன். விலைகொடுத்து வாங்கிய மனைக்கு இவ்விதி பொருந்தாது என்பதை அறிவேன். ஆயினும் நினைவு வராமல் இல்லை.

கலினின் நிலமும் இவ்விதியில் நேராக அடங்காது. உயிர்ப்பித்தற்குரிய நிலம் எவருக்கும் உடைமையாக இராது, ஊர்ப்பொதுப் பயன்பாட்டில் சேராது, குடியிருப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும். ஊரின் விளிம்பில் நின்று கூவினால் குரல் எட்டாத தொலைவு என்று அபூ யூசுஃப் (ரஹ்) அளவு கூறுவார். பெர்லின் நகர நடுவில் அதற்கேது வழி? அன்றியும், அநியாயமாக ஊன்றப்பட்ட வேருக்கு உரிமையில்லை என்னும் பொருளிலும் நபிமொழி உண்டு. கலினின் வெங்காய வேர் அத்தகையதா?

அன்று என்றே எனக்குப் படுகிறது. நிலத்துக்குரிய அரசின் காவலர் நேரில் வந்து, கண்டு, விட்டுச் சென்றதை இசைவு என்று கொள்ளலாம். அதனால் நிலம் அவர் உடைமை ஆகிவிடவில்லை; ஃபிக்ஹு மொழியில் அது 'ஆரியத்', இரவல். இரவல் தந்தவர் திரும்பக் கேட்கலாம். கிழக்கு ஜெர்மனி கேட்கவில்லை. 1990இல் அந்நாடே இல்லாமற் போயிற்று. அதன் பின் வந்த நிர்வாகமும் வலிந்து கேட்கவில்லை. நம் மனைத்தோட்டக்காரரின் நிலையும் இரவலே. ஆனால் அவருக்கு இரவல் தந்தவர் என்றேனும் ஒருநாள் வீடு கட்ட வருவார்.

ஒஸ்மான் கலின் 2018இல் தொண்ணூறு வயதைக் கடந்து மறைந்தார். சுவர் நின்ற தடத்தருகே அக்குடிலைக் குடும்பத்தார் பேணி வந்தனர். அதனைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வருவதுண்டு. சுவர் எழுப்பிய நாட்டின் கல் அவ்விடத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை.