நடக்கும் கால்களும் முதிரும் மூளையும்

வளர்ந்த மனிதரின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதில்லை என்பதே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு மருத்துவத்தின் உறுதியான முடிவாக இருந்தது. அதற்கு அழுத்தமான வடிவம் கொடுத்தவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சான்டியாகோ ரமோன் இ காஹால். நரம்பு மண்டலம் தனித்தனி அணுக்களால் ஆனது என்று நுண்ணோக்கி வழியே காட்டி, 1906-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். நரம்புகளின் சிதைவையும் மீட்சியையும் பற்றி 1913, 1914 ஆண்டுகளில் அவர் எழுதிய பெருநூல், முதிர்ந்த மூளையில் அணுக்கள் சாகலாம், திரும்ப முளைக்காது என்று முடித்தது. முடிந்தால் இந்த விதியை மாற்றுவது வருங்கால அறிவியலின் வேலை என்றும் காஹால் அதே இடத்தில் எழுதியிருந்தார். பின்வந்தவர்கள் முன்பாதியைப் பற்றிக்கொண்டு பின்பாதியை மறந்துவிட்டார்கள். வயதானால் நினைவு மங்கத்தான் செய்யும், அதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணத்துக்கு இந்த முடிவு நெடுங்காலம் துணை நின்றது.

உடல் உழைப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எண்களால் அளக்கும் முயற்சி இதய நோயிலிருந்து தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் மாரடைப்பு பெருகிக்கொண்டிருந்தது. ஏன் என்று தேடிய மருத்துவர் ஜெரி மாரிஸ், 1949-இல் லண்டன் போக்குவரத்து ஊழியர்களைக் கவனிக்கத் தொடங்கினார். லண்டனின் மாடி பஸ்ஸில் இருவர் வேலை செய்தார்கள். ஓட்டுநர் தம் பணிநேரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு உட்கார்ந்தே இருந்தார். நடத்துநரோ டிக்கெட் கொடுப்பதற்காகக் கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் அலைந்து, ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறினார். ஒரே நிறுவனம், ஒரே சாலைகள், ஏறத்தாழ ஒரே வாழ்க்கைநிலை. வேறுபாடு உட்காருவதிலும் ஏறுவதிலும் மட்டுமே இருந்தது. 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது தெரிந்தது. வந்தவர்களிலும் உடனே இறந்தவர்கள் குறைவு. வீடுவீடாகப் போகும் தபால்காரர்களையும் மேசையில் அமர்ந்து வேலை பார்க்கும் எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் அதே போக்கு தெரிந்தது. 1953-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இந்த முடிவுகளை வெளியிட்டது.

மாரிஸின் நேர்மை அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தில் தெரிகிறது. நிறுவனம் தன் ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுக் கணக்கை அவர் வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு, இளம் வயதிலேயே, நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியானால் படி ஏறியதால் உடல்நலம் வந்ததா, உடல்நலம் உள்ளவர்கள் படி ஏறும் வேலைக்கு வந்தார்களா? தம் ஆய்வின் மேலேயே எழும் இந்தக் கேள்வியை 1956-இல் அவரே அச்சில் வைத்தார். பிற்காலத்தில் மூளையைப் பற்றிய பல ஆய்வுகளையும் இதே கேள்வி துரத்தியது.

இன்னொரு பாதை நுண்ணோக்கியின் அடியில் திறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜோசப் ஆல்ட்மன் எலிகளுக்குக் கதிரியக்கம் ஏற்றிய தைமிடின் என்ற பொருளைச் செலுத்தினார். ஓர் அணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது இந்தப் பொருளை உள்ளே வாங்கிக்கொள்ளும். பிறகு மூளையைச் சீவி ஒளிப்படப் பூச்சின்மேல் வைத்தால், அந்த அணு இருக்கும் இடத்தில் கருப்புப் புள்ளிகள் விழும். வளர்ந்த எலிகளின் மூளையில் புள்ளிகள் விழுந்தன. 1962-இல் ஆல்ட்மன் இதைக் கேள்வியாக எழுப்பினார். 1965-இல் அவரும் கோபால் தாஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைச் சுட்டிக்காட்டியது. மூளையின் இரு பக்கமும் பொட்டு மடலின் உட்புறத்தில் இருக்கும் இந்தச் சிறிய பகுதிதான் புதிய நினைவுகளைப் பதிய வைக்கிறது, போகும் வழியை நினைவில் வைக்கிறது. அல்சைமர் நோய் முதலில் அரிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

அறிவியல் உலகம் இதைக் கேட்டும் கேளாததுபோல் இருந்தது. மைக்கேல் காப்லான் 1977-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அதே சான்றைக் கொண்டுவந்தபோதும் வரவேற்பு இல்லை. எண்பதுகளில் ஃபெர்னாண்டோ நாட்டெபாம் பாடும் கேனரிப் பறவைகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினார். அது பறவைகளுக்குப் பொருந்தும், பாலூட்டிகளுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கப்பட்டது. ஆல்ட்மன் கண்டதற்கு உரிய இடம் கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மூளை ஆராய்ச்சியின் வரலாற்றில் மனதை உறுத்தும் தாமதங்களில் இது ஒன்று.

இதற்கிடையில், அணுக்களைப் பற்றிய வாதத்தில் கலந்துகொள்ளாமல், உளவியலாளர்கள் தங்கள் வழியில் முன்னேறினார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வனீன் ஸ்பிர்டுசோ 1975-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். விளக்கு எரிந்தவுடன் கையை எவ்வளவு விரைவில் எடுக்க முடிகிறது என்று இளைஞர்களிடமும் முதியவர்களிடமும் அளந்தார். பல ஆண்டுகளாக ராக்கெட் மட்டை விளையாட்டுகளை ஆடிவந்த முதியவர்களின் வேகம், விளையாட்டுப் பக்கமே போகாத இளைஞர்களின் வேகத்தை நெருங்கியிருந்தது. 1984-இல் ராபர்ட் டஸ்ட்மனின் குழு ஒரு படி மேலே போய், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 55 முதல் 70 வயதுக்காரர்களை நான்கு மாதம் பயிற்சி செய்ய வைத்து, மன வேகத்தைச் சோதிக்கும் தேர்வுகளில் முன்னேற்றம் கண்டது.

தசை அசைந்தால் மூளைக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதற்கு முதல் விடை 1995-இல் கிடைத்தது. மூளையில் உருவாகும் பி.டி.என்.எஃப். என்ற புரதத்தை 1982-இல் ஈவ்-அலான் பார்டும் ஹான்ஸ் தோனனும் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். நரம்பணுக்களைச் சாகாமல் காத்து, அவற்றுக்கிடையே புதிய இணைப்புகள் தோன்றவும் உதவும் புரதம் இது. கலிபோர்னியாவின் அர்வைனில் கார்ல் காட்மனின் குழு, சக்கரத்தில் ஓடிய எலிகளின் மூளையில் இந்தப் புரதத்துக்கான மரபுச் செய்தி கூடியிருப்பதைக் கண்டது. அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளில் கூடும் என்பது அவர்கள் எதிர்பார்த்தது. கூடியதோ நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸிலும்தான்.

பிறகு எல்லாம் விரைந்தன. 1998-இல் ஸ்வீடனின் பீட்டர் எரிக்சனும் கலிபோர்னியா சால்க் நிறுவனத்தின் ஃப்ரெட் கேஜும் மனித மூளையிலிருந்தே சான்று கொண்டுவந்தார்கள். புற்றுக்கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அறிய, சில நோயாளிகளுக்குப் பிரியும் அணுக்களை அடையாளம் காட்டும் ஒரு மருந்து கொடுக்கப்படுவதுண்டு. அந்த மருந்து கட்டியில் மட்டும் தங்குவதில்லை; உடலில் எங்கெல்லாம் அணு பிரிகிறதோ அங்கெல்லாம் தங்கும். அப்படி மருந்து பெற்ற ஐந்து பேர் இறந்தபின் அவர்களின் மூளை ஆராயப்பட்டது. ஹிப்போகாம்பஸில் அடையாளம் ஏற்ற புதிய நரம்பணுக்கள் இருந்தன. மரணத்தின் அருகில் இருந்துகொண்டே தங்கள் மூளையை ஆராய்ச்சிக்குத் தர இசைந்த அந்த ஐவருக்கு இந்தத் துறை மிகவும் கடன்பட்டிருக்கிறது.

அடுத்த ஆண்டு அதே சால்க் நிறுவனத்தில் ஹென்ரியெட் வான் பிராக் சுண்டெலிகளைப் பல பிரிவாகப் பிரித்தார். சில எலிகள் தண்ணீரில் நீந்தி வழி கண்டுபிடிக்கக் கற்றன. சில அதே நேரம் சும்மா நீந்தின. சில பொம்மைகளும் குழாய்களும் துணைகளும் நிறைந்த விசாலமான கூண்டில் வாழ்ந்தன. சிலவற்றின் கூண்டில் ஓட்டச் சக்கரம் மட்டும் வைக்கப்பட்டது. சக்கரம் கிடைத்த சுண்டெலியை யாரும் விரட்ட வேண்டியதில்லை. இரவு முழுவதும் தானாகவே ஏறி ஏறி ஓடும், கிலோமீட்டர் கணக்கில் ஓடும். பாடம் கற்றதாலோ குறைந்த நேரம் நீந்தியதாலோ புதிய அணுக்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஓடிய எலிகளில் பிழைத்து நின்ற புதிய அணுக்கள் இரு மடங்காயின. விசாலமான கூண்டின் முழு வசதியும் தந்த பலனை ஒரு சக்கரம் தனியாகவே தந்துவிட்டது. 2005-இல் வான் பிராக் இதே சோதனையைப் 19 மாத வயதுள்ள, அதாவது கிழப்பருவம் எட்டிய சுண்டெலிகளிடம் செய்தார். முதுமையில் வெகுவாகக் குறைந்துபோன அணுப் பிறப்பு, ஓடத் தொடங்கியபின் இளம் எலிகளின் அளவில் பாதிக்கு மீண்டது. அவை வழி கற்றுக்கொள்வதும் விரைவானது. வயது போனபின் தொடங்கினாலும் பலன் உண்டு என்பதற்கு ஆய்வுக்கூடம் தந்த தெளிவான சான்று இதுதான்.

சுண்டெலிகளைப் பற்றிய செய்தி வந்த அதே 1999-இல் மனிதர்களைப் பற்றிய செய்தியும் வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் கிரேமர், 60 முதல் 75 வயது வரையிலான 124 பேரை இரு குழுவாக்கினார். ஒரு குழு ஆறு மாதம் விறுவிறுப்பாக நடந்தது. மற்றது கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. யார் எந்தக் குழு என்பதை ஆய்வாளர்களே பிரித்துக் கொடுத்ததால், மாரிஸின் சீருடைக் கேள்வி இங்கே எழவில்லை. நடந்தவர்கள் கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதிலும், வேண்டாததை ஒதுக்கி வேண்டியதைப் பார்ப்பதிலும் முன்னேறினார்கள். திட்டமிடுதலுக்கும் கட்டுப்பாட்டுக்கும் பொறுப்பான நெற்றிப் பகுதி மூளையின் வேலைகள் இவை. முதுமையில் அதிகம் தளர்வதும் இதே வேலைகள்தான்.

கிரேமரின் ஆய்வுக் குழுவில் வளர்ந்த கர்க் எரிக்சன் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை அதிகம் பேசப்படுகிறது. மறதிநோய் இல்லாத 120 முதியவர்கள் ஓராண்டு பங்கேற்றார்கள். நடைக் குழுவினர் முதல் வாரம் 10 நிமிடம் நடந்தார்கள். வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டி ஏழாவது வாரத்தில் 40 நிமிடத்தை எட்டினார்கள். வாரத்தில் மூன்று நாள் அதையே தொடர்ந்தார்கள். ஆண்டின் முடிவில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோது அவர்களின் முன்பக்க ஹிப்போகாம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெருத்திருந்தது. நீட்டி மடக்கிய குழுவினருக்கு அது சுமார் 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது. அளவு சிறியதுதான். ஆனால் ஆண்டுதோறும் சுருங்கும் ஓர் உறுப்பு ஓராண்டில் எதிர்த்திசையில் போனது பெரிய சேதி.

ஊர்மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளும் அதே பக்கம் சாய்ந்தன. ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரான 71 முதல் 93 வயது வரையிலான 2,257 ஆண்களைப் பற்றிய முடிவு 2004-இல் வெளியானது. நாளொன்றுக்கு 400 மீட்டர்கூட நடக்காதவர்களுக்கு, 3.2 கிலோமீட்டருக்கு மேல் நடந்தவர்களைவிட மறதிநோய் வரும் வாய்ப்பு 1.8 மடங்கு இருந்தது.

மூளைக்குப் போகும் செய்தி பல வழிகளில் போகிறது என்பதும் மெல்லமெல்லத் தெரியவந்தது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் எடுக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவழிக்கிறது. அதனால் ரத்தக்குழாய்களின் நலம்தான் மூளையின் நலத்துக்கு முதல் காவல். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் நுண்ணிய குழாய்கள் அடைபடுவதும் கசிவதும் குறையும்; நடைப்பயிற்சியின் பலனில் கணிசமான பங்கு இந்த வழியாகவே வருகிறது. தசை, கல்லீரல் போன்ற உறுப்புகள் ரத்தத்தில் விடும் பொருள்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் சவுல் வியேடாவின் குழு 2020-இல், ஓடிப் பழகிய எலிகளின் ரத்தப் பிளாஸ்மாவை ஓடாத முதிய எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் நினைவுத்திறன் மேம்பட்டது. அதற்குக் காரணமான ஒரு நொதி கல்லீரலில் உருவாவதையும் அந்தக் குழு கண்டது.

இந்த வரலாற்றில் பின்னடைவுகளும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது முதியவர்களுக்கு நன்மை செய்யாது. 2015-இல் அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேர் பங்கேற்ற இரண்டாண்டுச் சோதனையில், உடற்பயிற்சிக் குழுவுக்கும் நலக்கல்வி மட்டும் பெற்ற குழுவுக்கும் சிந்தனைத் திறனில் வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனில் ஏற்கெனவே மறதிநோய் வந்த 494 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான சோதனையில் உடல் வலு கூடியது, நோயின் போக்கு குறையவில்லை. லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 28 ஆண்டு பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு இன்னும் கூர்மையான ஐயத்தைக் கிளப்பியது. மறதிநோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டு முன்பிருந்தே நோயாளிகளின் நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. நடக்காததால் நோய் வந்ததா, வரப்போகும் நோய் நடையைக் குறைத்ததா? மாரிஸ் கேட்டதே திரும்ப வந்து நின்றது.

மனித மூளையில் புதிய அணுக்கள் பிறக்கின்றனவா என்ற வாதமும் 2018-இல் மறுபடி எழுந்தது. அந்த ஆண்டில் ஒரு குழு பெரியவர்களின் ஹிப்போகாம்பஸில் அவற்றைக் காணவில்லை என்றது. சில வாரங்களில் இன்னொரு குழு எழுபது வயது கடந்தவர்களிடமும் கண்டதாகச் சொன்னது. இறந்தபின் மூளையைப் பதப்படுத்துவதில் ஏற்படும் தாமதம் உள்ளிட்ட நுட்பங்களே வாதத்தின் மையம். எது வென்றாலும் உடற்பயிற்சியின் மதிப்பு அதனோடு சேர்ந்து விழுந்துவிடாது. ரத்தக்குழாய், அணுக்களின் இணைப்பு, உறக்கம், மனநிலை என்று அதற்கு வேறு கால்களும் உண்டு.

இத்தனை ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், நோய் முற்றியபின் உடற்பயிற்சி மருந்தாவதில்லை. நடுவயதிலிருந்தே நீளும் பழக்கமாக இருந்தால் கூடுதலாகத் துணை செய்யக்கூடும். ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேர் பங்கேற்று 2015-இல் முடிவு வெளியான ‘ஃபிங்கர்’ ஆய்வு, உடற்பயிற்சியோடு உணவு, மனப்பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றையும் சேர்த்து இரண்டு ஆண்டில் சிந்தனைத் திறனில் பலன் கண்டது. லான்செட் இதழின் வல்லுநர் குழு 2024-இல் மறதிநோய்க்கு வழிவகுக்கும் 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றை நீக்க முடிந்தால் உலகின் மறதிநோயில் சுமார் 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கணித்தது. உடலுழைப்பின்மை அதில் ஒன்று. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மனச்சோர்வு போன்ற வேறு சில காரணங்களும் நடப்பவர்களிடம் குறைவு.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் 65 வயது கடந்தவர்களுக்கு வகுத்த அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, மூன்று நாளாவது உடல் சமநிலையைக் காக்கும் பயிற்சி. சமநிலைப் பயிற்சி முதியவர்கள் தடுக்கி விழுவதைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்பட்டது. லான்செட் பட்டியலின் 14 காரணங்களில் தலைக்காயமும் இருக்கிறது.