சில்லுக்குள் அடையாளப் பிழைகள்

ஒரே சில்லுக்குள் செயலி, கிராஃபிக்ஸ், மோடம், நினைவகத்தை நேரடியாக அணுகும் டிஎம்ஏ எனப் பல அலகுகள் பொதுவான பஸ்ஸைப் பகிர்ந்துகொள்கின்றன. கேட்பது யார் என்பதைக் கோரிக்கையோடு வரும் அடையாள எண் சொல்கிறது. அந்த எண் தவறாக ஒதுக்கப்பட்டாலோ, தவறாகப் படிக்கப்பட்டாலோ, வழியில் தொலைந்தாலோ தகுதியற்ற அலகுக்கு அனுமதி கிடைத்துவிடும்.

குறியாக்கச் சாவியைக் காக்கும் ஒரு ரெஜிஸ்டரை எடுத்துக்கொள்வோம். அலகுக்கு ஒரு பிட். அதில் 4 என்று எழுதினால், பூஜ்யத்திலிருந்து எண்ண, 2ஆம் எண் அலகுக்கு மட்டுமே சாவியைத் தொட உரிமை. வடிவமைப்பில் வேறோர் அலகுக்கும் 2 என்றே எண் கொடுத்திருந்தால் அதுவும் நுழைந்துவிடும். பூட்டில் பழுதில்லை, ஒரே பெயரில் இரண்டு பேர்.

பஸ்ஸில் இருப்பவையெல்லாம் வீட்டு ஆட்கள் என்ற நம்பிக்கை முதலில் உடைந்தது சில்லுக்கு வெளியேதான். 2004இல் டோக்கியோவில், ஃபயர்வயரில் செருகிய ஐபாட் கணினியின் நினைவகத்தை நேரடியாகப் படிக்க முடியும் என்று மாக்ஸிமிலியான் டோர்ன்ஸைஃப் காட்டினார். சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ காவலுக்கு வந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸில் கோரிக்கையோடு வரும் 16 பிட் எண்ணைப் (பஸ்ஸுக்கு 8, சாதனத்துக்கு 5, செயற்கூறுக்கு 3) பார்த்து அது அனுமதிக்கும். ஆனால் 'இந்த முகவரியை ஏற்கெனவே மாற்றிவிட்டேன்' என்று சாதனமே சொன்னால் சோதிக்காமல் விடும் வசதியும் அதே தரத்தில் இருந்தது. 2019இல் வெளியான தண்டர்கிளாப் ஆய்வு அந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது.

சில்லுக்குள் ஆர்ம் நிறுவனத்தின் ட்ரஸ்ட்ஸோன் நுட்பம், பாதுகாப்பான கோரிக்கையா அல்லவா என்பதை ஒரே பிட்டில் சொல்கிறது. அதைவிட நுணுக்கமான அடையாளங்களுக்குத் தொல்லை பஸ்களை இணைக்கும் பாலங்களில். ஒரு பஸ் நெறிமுறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எண் சிதைந்தால் தவறான அலகுக்கு உரிமை போய்விடுகிறது. பாதுகாப்புக் குறைகளை எண்ணிட்டு வகைப்படுத்தும் மைட்டர் அமைப்பின் சிடபிள்யூஇ பட்டியலில் வன்பொருள் குறைகள் 2020இல்தான் இடம்பெற்றன. தவறாகப் படித்தல் 1290, தவறான மாற்றம் 1292, அடையாள முறையே பலவீனமாயிருத்தல் 1294. மென்பொருள் பிழைகளுக்குக் கிடைத்த கவனத்தோடு ஒப்பிட்டால் இது மிகத் தாமதம்.

அனுமதிச் சோதனை எவ்வளவு மெலிந்திருக்கலாம் என்பதை 2023இல் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டனர். ஐபோன்களை உளவு பார்த்த 'ஆபரேஷன் ட்ரையாங்குலேஷன்' தாக்குதல், ஆவணங்களில் இல்லாத ரெஜிஸ்டர்களில் தரவையும் முகவரியையும் கூடவே 20 பிட் சரிபார்ப்பு எண்ணையும் எழுதியது. நினைவகப் பாதுகாப்பு விலகியது. அந்த முகவரிகளை ஆப்பிள் மறுப்புப் பட்டியலில் சேர்த்து மென்பொருளால் அடைத்தது. விற்றுப்போன சில்லுகளில் அந்த ரெஜிஸ்டர்கள் அப்படியேதான் இருக்கின்றன.